கொத்தனாரின் சிபாரிசு

"ஒரு தடவை மன்னிச்சு விட்டுடுங்க சார். பாவம், கான்ட்ராக்டர் பிள்ளைகுட்டிக்காரர்" என்றார் கொத்தனார்.

தொழிலாளர் நல அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் அதற்குமேல் நிமிர இடமில்லை.

"கூலி குடுக்காதவனுக்கு மன்னிப்பா? அவன் லைசென்ஸையே ரத்து பண்ணினவன்யா நான்!"

பண்ணியவர்தான். அவருக்குப் பின்னால் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்தப் பத்திரிகைச் செய்தி தொங்கியது. 'அதிரடி' என்ற எழுத்து பெரிது. அதைவிட அவர் படம் பெரிது. கூலி கிடைத்ததா என்பதை அச்சடிக்கத்தான் இடம் போதவில்லை.

கிடைக்கவில்லை.

லைசென்ஸ் போனதும் கட்டடத்துக்குச் சீல் வைத்தார்கள். வேலை நின்றது. கான்ட்ராக்டருக்கு வரவேண்டிய பில்லும் நின்றது. பில் வராமல் கூலி எங்கிருந்து வரும் என்று அவர் கையை விரித்துவிட்டு, மாமியார் வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கிறார். தண்டனையில் ஆள் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டதாகக் கேள்வி.

கொத்தனாரின் கரணையும் ரசமட்டமும்கூடச் சீலுக்கு உள்ளேதான் கிடக்கின்றன. வேறு இடத்தில் வேலை கேட்டால், வெறுங்கையோடு வந்து நிற்கும் கொத்தனாரை எவன் சேர்ப்பான்?

அவர் பேச்சை நம்பி வேலைக்கு வந்தவர்கள் கீழே வாசலில் காத்திருந்தார்கள். அதில் ஒருவன் சொந்த மச்சான். அதனால் வீட்டில் கொஞ்ச நாளாகச் சாப்பாடு வருகிறது, பேச்சு வருவதில்லை.

"லைசென்ஸ் திரும்பினா பில் வரும் சார். பில் வந்தா எங்க கூலி வந்துடும்."

"நீ என்ன அவனுக்கு மாமனா, மச்சானா? பரிஞ்சு பேச எவ்வளவு வாங்கினே?"

வாங்காததுதானே பிரச்சினை என்று நாக்கு நுனி வரை வந்தது. 

கொத்தனார் நகர்வதாக இல்லை என்று கண்டதும் அதிகாரி குரலைத் தாழ்த்தினார். வழி ஒன்று இருக்கிறதாம். கூலி முழுவதும் வாங்கிக்கொண்டேன், சொன்னது பொய் என்று புகார் கொடுத்தவனே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"ஆனா அவன் லேசுப்பட்டவன் இல்ல. நடையா நடந்து இந்த ஆபீஸ் படியைத் தேய்ச்சவனாம். ஆளை நான் பார்த்ததில்ல. முகம் பார்த்து நியாயம் சொல்றவன் நான் இல்ல, தெரிஞ்சுக்க. வாங்காத கூலியை வாங்கினேன்னு எழுதிக் குடுக்க அவனென்ன கேணயனா?"

கொத்தனார் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். வாசலில் மச்சான் அண்ணாந்தபடி நின்றிருந்தான்.

சிமெண்ட் அரித்த விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"பேனா இருந்தா குடுங்க சார்."