அப்பாவின் இலை

“அப்பா இலையில புரோட்டா வைக்கக் கூடாது. எடுங்க!”

ஆம்பளை இலையில் என்ன விழுகிறது என்று பெண்பிள்ளை வாய் திறக்கக் கூடாது. கோகிலாவை அப்படிச் சொல்லித்தான் வளர்த்திருந்தார்கள். இன்றைக்கு அவள் சித்தப்பாவின் கையையே பிடித்துவிட்டாள்.

பேச்சிராஜின் கையில் புரோட்டாப் பொட்டலம் சூடாக இருந்தது. கீழே தலைவாழை இலையில் கோழி வறுவல், முட்டை, அதிரசம். பக்கத்தில் மடிப்புக் கலையாத புது வேட்டி. அப்பா உட்காரும் இடம் மட்டும் காலியாக இருந்தது.

“ஏட்டி, எதுக்குக் கத்துதே? குடும்பத்துல மொத டிகிரி வாங்கிட்டா, அப்பன் இலையையும் நீதான் திருத்துவியோ?”

“திருத்துவேன். நூத்திநாலு கிலோ இருந்தாரு. தறியை நிறுத்திட்டு வந்தா எட்டுப் புரோட்டா. நாலு படி ஏறுனா மூச்சு வாங்குச்சு. ரெண்டு வருஷம் மல்லுக்கட்டி எண்பத்தொண்ணுக்குக் கொண்டாந்தேன். சுகர் மாத்திரையை டாக்டரே பாதியாக் குறைச்சாரு.”

“அண்ணன் சட்டையெல்லாம் தொளதொளன்னு தொங்க, தெருவே சிரிச்சுதுட்டி!”

“சிரிச்ச ஒருத்தரும் ஆஸ்பத்திரிக்கு வரலை.”

“சரிம்மா. ஒரு நாளைக்கு வச்சா என்ன குறைஞ்சிருது?”

“இதே ‘ஒரு நாளைக்கு’தான் சித்தப்பா. கல்யாண வீட்டுல ஒரு நாளைக்கு, கோயில் கொடைக்கு ஒரு நாளைக்கு, ஆடித்தபசுக்கு ஒரு நாளைக்கு. ஒண்ணொண்ணாச் சேர்ந்து மனுஷனை மூச்சுவிட விடாமப் பண்ணுச்சு.”

அடுக்களை நிலையில் சாய்ந்திருந்த அம்மா ராஜகுமாரி அப்போதுதான் வாய் திறந்தாள்.

“வாயைக் கட்டுன, சரி. லாரி போற ராஜபாளையம் ரோட்டுல, விடியுமுன்ன அவுகளை நடக்க அனுப்பாதன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே. கேட்டியாட்டி?”

கோகிலாவின் பிடி தளர்ந்தது.

“போன மாசம் என்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டாரும்மா.” அவள் குரல் இறங்கிவிட்டது. “‘மக்கா, இன்னைக்கு மட்டும் ஒண்ணு தின்னுக்கிடுதேன்’னாரு. பட்டதெல்லாம் பாழாப் போயிரும்னு நான் கத்துனேன். தட்டுல இருந்த கேப்பைக் களியை ஒரு வார்த்தை பேசாமத் தின்னுட்டு எந்திரிச்சுப் போனாரு.”

ராஜகுமாரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பேச்சிராஜ் பொட்டலத்தைக் கோகிலாவிடம் நீட்டினார். “நீயே முடிவு பண்ணு, தாயி.”

கோகிலா வாங்கிப் பிரித்தாள். இலைக்கு முன்னால் மண்டியிட்டு இரண்டு புரோட்டாவை வைத்தாள். கொஞ்சம் யோசித்து இன்னொன்றையும் வைத்தாள். துண்டு துண்டாகப் பிய்த்துப் போட்டு, மிதக்க மிதக்கச் சால்னாவை ஊற்றினாள்.

எழுந்து, யாரையும் பார்க்காமல் வாசலைத் தாண்டிப் போனாள். தெருவில் நின்று, திரும்பாமலே சொன்னாள்:

“கதவைச் சாத்திட்டு எல்லாரும் வெளிய வாங்க. நாம பார்த்துட்டு நின்னா, செத்துப்போன மனுஷன் எப்படி வந்து சாப்பிடுவாரு?”