காற்று வாங்க வந்தவர்கள்

வெண்ணந்தூரைத் தாண்டி மலையடிவாரத்தில் வண்டி நின்றது. மருதாசலமும் மனைவி ராமாத்தாளும் இறங்கினார்கள். ஊரே மாந்தோப்பில் குடிசை போட்டிருந்தது.

உறவுக்காரர் செங்கோடன் எதிரே வந்தார். "வாங்க மாப்ளே. சூரமங்கலத்துல எல்லாரும் சவுக்கியந்தானுங்களா?"

"ஒரு கொறையுமில்லீங்க மாமா. மலையும் ஓடையும் பாத்துக்கிட்டு ஒரு மாசம் காத்து வாங்கலாமுன்னு வந்தோம்."

ராமாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள். மருதாசலமே தொடர்ந்தார்:

"நீங்கெல்லாம் தோப்புலயே இருக்கறீங்க, குடுத்து வெச்சவங்க. எங்களுக்கு உங்க ஊடு போதுமுங்க."

செங்கோடன் தலையசைத்து மறுத்தார்.

"ஊருக்குள்ள பிளேக்குங்க மாப்ளே. எலி செத்து உழுகவும் ஊட்டைப் பூட்டிட்டு இங்க வந்துட்டோம். உங்க ஊர்லயும் இப்படின்னா பக்கத்துலயே ஒரு குடிசை போட்டுக் குடுத்துருவேன். சீக்கில்லாத ஊர்க்காரங்களை இங்க வெச்சுக்கறது பாவமுங்க."

மருதாசலம் வாயெடுத்தார். சொன்ன பொய்யை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு, மனைவியோடு வண்டியில் ஏறிக்கொண்டார்.

செங்கோடன் வண்டிக்காரனிடம் சொன்னார்: "இவங்களைப் பத்திரமா சூரமங்கலத்துல அவங்க ஊட்டு வாசல்லயே எறக்கி உட்டுரு."

வண்டி திரும்பியது. தோப்பு மறைந்தது.

பிறகு ராமாத்தாள் கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க. நம்ம அடுக்களையில செத்துக் கெடக்கற எலியெல்லாம் நான்தானுங்களே அள்ளோணும்."