உயிர் கொடுத்தவர்

"இந்த உடம்புல இருக்கிறது எங்க முதலாளி போட்ட உயிருங்க!"

மைக்கைப் பிடித்தபடி டர்னர் சின்னப் பிள்ளைபோலத் தேம்பினார். பின்னால், பூக்களுக்கு நடுவே, மறைந்த முதலாளி பெரிய படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதுவரை பேசிய பெரிய மனிதர்கள் முதலாளி வளர்த்த தொழிற்சாலையையும், கட்டிக்கொடுத்த பள்ளிக்கூடத்தையும், இலவச ஆஸ்பத்திரியையும் புகழ்ந்து தள்ளியிருந்தார்கள். சபை மரியாதைக்குக் கை தட்டியது. சிலர் கொட்டாவியும் விட்டார்கள். கைக்குட்டைகள் வெளியே வந்தது இந்த கேட் காவலாளி பேசியபோதுதான். லேத்தில் இரும்பு கடையும் டர்னர் வேலையை விட்டு வாசலுக்கு வந்து வெகுகாலம் ஆகியும் எல்லோருக்கும் அவர் டர்னர்தான்.

"எங்களுக்குன்னு மருத்துவ முகாம் போட்டாரு. ஒருத்தர் விடாம ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. எனக்கு ஒரு வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. ஆனா வயித்துல கட்டி இருக்கு, உடனே எடுக்கலைன்னா ஆள் தேறாதுன்னுட்டாங்க. ஒரு பைசா வாங்காம ஆபரேஷன் பண்ணி, இனிமே லேத்துல நிக்க வேணாம்னு வாசல்ல நாற்காலி போட்டுக் கொடுத்தாரு. ஆபரேஷனுக்கு முந்தின நாள் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாருங்க! தொழிலாளிக்காக அழுத முதலாளியை நீங்க பார்த்திருக்கீங்களா?"

யாரும் பார்த்ததில்லை. முன்வரிசையில் முதலாளியின் மனைவி முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

கூட்டம் கலைந்ததும் டர்னர் வெளியே வந்தார். வாடகை நாற்காலிகளை மடக்கி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தவர்களில் ஒருவனைப் பார்த்ததும் அவர் கால் தானாக நின்றது. அவருடைய தம்பி.

அவனும் இதே தொழிற்சாலையில் வெல்டராக இருந்தவன்தான். வேலைநிறுத்தத்தின்போது கிடங்கு எரிந்தது. தீ வைத்தது யாரென்று ஒருவருக்கும் தெரியாது. "என் தம்பிதான் வெச்சான். கண்ணால பார்த்தேன்" என்று கோர்ட்டில் ஏறிச் சொன்னவர் டர்னர். சொல்லச் சொன்னவர் முதலாளி. தம்பி ஜெயிலுக்குப் போனான். பயந்துபோய் மற்றவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள்.

"சாப்பிட்டியாடா?" என்றார் டர்னர், வேறு என்ன கேட்பதென்று தெரியாமல்.

தம்பி நிமிரவில்லை. "நல்லா அழுதியேண்ணே. ஸ்பீக்கர்ல தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு. நான் உள்ள போனப்ப ஒரு சொட்டு விட்டியா?"

"இன்னமும் அதையே பிடிச்சுத் தொங்காதடா. அவரு எனக்கு உயிர் கொடுத்தவரு. அவர் வாய் விட்டுக் கேட்டா நான் எப்படி முடியாதுன்னு சொல்லுவேன்?"

"நான் உன் கூடப் பொறந்தவன்ணே."

"கூடப் பொறந்து எனக்கு என்னத்தைக் கிழிச்சே?"

கேட்ட பிறகுதான் கொஞ்சம் அதிகமோ என்று டர்னருக்குப் பட்டது. தம்பி நாலு நாற்காலிகளைச் சேர்த்துத் தோளில் தூக்கிக்கொண்டு அவரைச் சுற்றிப் போனான். தன்னுடையது தழும்பேறிய மனசு என்று நினைத்தாலும் டர்னருக்கு எங்கேயோ சுருக்கென்றது. முதலாளியின் சிரித்த முகத்தை நினைத்துக்கொண்டார். எப்போதும் போலச் சமாதானமாகிவிட்டது.

மேனேஜர் ஓடி வந்தார். "டர்னர், அம்மா உங்களைக் கூப்பிடறாங்க. தனியாப் பார்க்கணுமாம்."

மேடைக்குப் பக்கத்து அறையில் அந்த அம்மாள் மட்டும் இருந்தார். தொழிற்சாலைப் பக்கமே வராதவர். டர்னர் அவரை இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அவர் உள்ளே நுழைந்ததும் அந்த அம்மாள் எழுந்து நின்றார். டர்னர் பதறிப்போனார்.

"உக்காருங்கம்மா! நீங்க போய் எனக்கு எழுந்திரிக்கலாமா?"

"உங்க கால்லயே விழணும் தம்பி. இத்தனை காலமா உங்களைப் பார்க்க அவர் என்னை விட்டதே இல்ல. நன்றி சொன்னா உங்களுக்குப் பிடிக்காது, வெளிய தெரியக் கூடாதுன்னு நீங்க சத்தியம் வாங்கியிருக்கீங்கன்னாரு. அவரே போயிட்டாரு, இனிமே என்ன சத்தியம்?"

டர்னர் மலங்க மலங்க விழித்தார். "நான் என்னம்மா பண்ணினேன்? இன்னிக்கு நான் நடமாடறதே ஐயா பண்ணி வெச்ச ஆபரேஷனாலதானே?"

"பார்த்தீங்களா, இப்பவும் மறைக்கறீங்க! மேடையிலகூட உங்களுக்குக் கட்டின்னு கதையை மாத்திச் சொல்லி அவருக்கே பேர் வாங்கிக் கொடுத்தீங்களே. அந்த மனசு யாருக்கு வரும்?"

அந்த அம்மாள் அவருடைய இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

"அவர் கூடப் பொறந்தவங்களே மாட்டேன்னுட்டாங்க தம்பி, நீங்கதானே உங்க கிட்னியைக் கொடுத்தீங்க!"