கிழக்குக் கம்பி

ஆன்டெனா ஏழு மெகாஹெர்ட்ஸில் நிற்க வேண்டும். ஆறே முக்காலில் நின்றது.

நாகஜோதி அலைவரிசை மீட்டரைக் கழற்றி மறுபடி மாட்டிப் பார்த்தாள். அதே எண்.

வேடசந்தூருக்கு வெளியே, ஒரு நூற்பாலைக்குப் பின்னால் போன மாதம் அவள் வாங்கிய பொட்டல் அது. திண்டுக்கல்லில் பாலிடெக்னிக் ஆசிரியை. பொழுதுபோக்காக வானொலியில் ஊர் ஊராகப் பேசும் ஹாம் ரேடியோ உரிமம் வைத்திருப்பவள். வீட்டு மாடியில் இடம் போதாததால், முப்பத்து மூன்றடி அலுமினியக் குழாயை ஆன்டெனாவாக இங்கே செங்குத்தாக நிறுத்தியிருந்தாள். அதன் அடியிலிருந்து எட்டுத் திசைக்கும் எட்டுச் செம்புக் கம்பிகளை மண்மேல் இழுத்துப் பரப்பியிருந்தாள்.

எல்லாவற்றையும் முதலில் மடிக்கணினியில் வரைந்து பார்த்துவிட்டுத்தான் நட்டாள். மென்பொருள் ஏழு என்றுதான் காட்டியது. அப்படியானால் பக்கத்தில் இருக்கிற எதையோ வரையாமல் விட்டிருக்கிறாள்.

கம்பி வேலியை வரைந்தாள். மின்கம்பத்தை வரைந்தாள். நிறுத்தியிருந்த தன் ஸ்கூட்டரைக்கூட வரைந்தாள். திரையில் எண் அசையவில்லை.

பிறகு தரையில் கிடந்த கம்பிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். கிழக்குக் கம்பியைத் தூக்கியதும் மீட்டர் சட்டென்று ஏழுக்கு வந்தது. கீழே விட்டாள். இறங்கிவிட்டது.

கம்பியின் முனைவரை நடந்து போனாள். இறுகிப்போன செம்மண். ஓர் ஆவாரஞ்செடி. மண்ணுக்கு மேலே வேறொன்றும் இல்லை.

வேப்பமர நிழலுக்குத் திரும்பி, அந்த முனைக்கு நேர் கீழே, பூமிக்குள் ஓர் இரும்புக் குழாயை வரைந்தாள். பத்தடி கொடுத்தாள். திரையில் அலைவரிசையைக் காட்டும் கோடு கொஞ்சம் நகர்ந்தது. இருபதடி கொடுத்தாள்.

திரையில் இருந்த கோடும் மீட்டர் தந்த கோடும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன.

ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும்போது மண் சரியாமல் இறக்குகிற கேசிங் பைப் இருபதடிதான் இருக்கும்.

ஆனால் இந்த மண்ணில் போரே போட்டதில்லை என்று பத்திரம் பதிந்த அன்று சோலைமுத்து சொல்லியிருந்தார். நிலத்தை விற்றவர் அவர். வீடு கட்டினால் மேற்கால் தள்ளிக் கட்டச் சொன்னதும் அவர்தான்.

அவருக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, இந்த இடத்துல எப்பவாச்சும் போர் போட்டீங்களா?"

 "யாரு சொன்னது?" என்றார். அவள் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

கால் மணி நேரத்தில் மொபெட்டில் வந்து இறங்கினார். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார்.

எந்த இடம் என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. எதிரே முப்பத்து மூன்றடி உயரத்துக்கு நின்ற குழாயை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கிழக்கே நடந்தார். கம்பியின் முனைக்கு ஓரடி முன்னால் நின்றார். செருப்பைக் கழற்றினார். திறந்த மடிக்கணினியோடு அவள் பின்னால் போய் நின்றாள்.

"கம்ப்யூட்டர்ல பைப்பு தெரியுதா, தாயி?"

"தெரியுதுண்ணே."

வெயிலில் அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். மில்லுக்குள் இயந்திரங்கள் ஓடும் சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

"உள்ள கெடக்குறதும் தெரியுமா? சின்னதா இருந்தா?"

மென்பொருளுக்கு இரும்பு தெரியும், செம்பு தெரியும். குழாய்க்குள் கிடப்பது எதுவும் தெரியாது.

நாகஜோதி மடிக்கணினியை மூடி மார்போடு அணைத்துக்கொண்டாள். 

"தெரியுது," என்றாள்.

சோலைமுத்து அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"தண்ணி வரலன்னு போரு வாயை மூடாம விட்டுட்டேன், தாயி. மில்லுக்கு வேலைக்கு வந்த வடக்கத்தி ஆளுக புள்ள. பேருகூட எனக்குத் தெரியாது."

உள்ளங்கையால் மண்ணைத் தடவினார்.

"மூணு நாளு தேடுனாக. நானுந்தான் கூடச் சேந்து தேடுனேன்."