ஏரிக்கரைப் புல்

“இந்த ஊர்ல எந்த மைதானத்துல கோல்ஃப் ஆடலாம்?” வசுமதி ஓட்டல் வரவேற்பில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு விருந்தாளி கேட்டார். அவள் கோல்ஃப் மட்டையைப் பார்த்ததுகூட இல்லை. ஆனால் வெளியூர்க்காரர் எந்த மைதானத்தைத் தேர்ந்தெடுக்கிறாரோ, அதைச் சுற்றியுள்ள தெருக்களின் அன்றைய குழாய்த் தண்ணீர் புல்லுக்குப் போய்விடும் என்பது ஊருக்கே தெரியும். அவள் வீடு குன்றடி மைதானத்தை ஒட்டி இருந்தது.

“ஏரிக்கரை மைதானத்துக்குப் போங்க சார், காத்து அருமையா இருக்கும்” என்றாள். அன்றிலிருந்து எல்லோரிடமும் அதையேதான் சொன்னாள்.

அறைகளைச் சுத்தம் செய்யும் ரெஜினா அக்காவுக்கு வீடு ஏரிக்கரையில். “நாலு நாளா குழாய்ல வெறும் காத்துதான் வசு. புள்ள குளிக்காமயே பள்ளிக்கூடம் போறா. எந்தப் புண்ணியவான் எங்க பக்கமே கைகாட்டுறானோ!” வரவேற்பு மேசையோரம் நின்று, விருந்தாளிகள் மிச்சம் வைத்த தண்ணீரையெல்லாம் ஒரே பாட்டிலில் ஊற்றிக்கொண்டே சிரித்தாள்.

வசுமதி பேனாவைத் திறந்து திறந்து மூடினாள். அடுத்து வருபவருக்காவது மாற்றிச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தவர் வந்து மட்டைப் பையை இறக்கினார். “குன்றடின்னு ஒண்ணு இருக்காமே, எப்படி?”

வீட்டில் ஊறவைத்துவிட்டு வந்த துணி வசுமதியின் நினைவுக்கு வந்தது. “அங்க புல்லு காஞ்சு கெடக்கு சார். ஏரிக்கரைக்கே போங்க.” வாய் முந்திக்கொண்டுவிட்டது.

ரெஜினா அக்கா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பாட்டிலை இறுக்கி மூடினாள். அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியேறிப் போனாள்.