திங்கட்கிழமை வாடும் கீரை

மாடித் தோட்டத்துக் கீரைக்கு ஒரு விசித்திர வியாதி. வெள்ளிக்கிழமை தளதளவென்று நிமிர்ந்து நிற்கும். திங்கட்கிழமை விடிந்தால் தலை தொங்கிவிடும்.

குடியிருப்புச் சங்கச் செயலாளருக்கு மண்டை குடைந்தது. தோட்டம் அவருடைய மூளைக்குப் பிறந்த பிள்ளை ஆயிற்றே!

மண்ணே கிடையாது. நான்கு வீட்டுக் குளியல் தண்ணீரும் சூரிய மின்சாரத்தில் ஓடும் மோட்டாரால் மாடியேறி, மணலில் இறங்கி, ஒரு வெள்ளைத் துணியில் வடிந்து, ஓட்டை போட்ட குழாய்களுக்குள் ஓடும். அந்தத் தண்ணீரில் வேரைத் தொங்கவிட்டபடி கீரையும் தக்காளியும் வளரும்.

யார் வீட்டுச் சோப்பு செடியைக் கெடுக்கிறது என்று செயலாளர் வீடு வீடாகப் போய் சோப்பை வாங்கி மோந்து பார்த்தார்.

"என்ன சார், உங்க வீட்ல சோப்பு தீந்துபோச்சா?" என்றார் கீழ்வீட்டு டிரைவர்.

"சிரிக்காதீங்க. ஆளைப் பிடிக்காம விடமாட்டேன்."

சனிக்கிழமை புதுத் துணி கட்டினார். ஞாயிறு சாயங்காலம் அவிழ்த்தால், துணி முழுக்கக் கறுப்புத் திட்டு. மோந்து பார்த்தார். அந்த வாசனையை அவர் மூக்கு சட்டென்று கண்டுகொண்டது.

ஹேர் டை!

அப்புறம் என்ன, யோசிக்கவே வேண்டாம். இரண்டாம் மாடியில் வீட்டிலேயே பியூட்டி பார்லர் நடத்தும் பெண் குடியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே கூட்டம் அள்ளும்.

உடனே கூட்டம் கூட்டினார். அறுபதைத் தாண்டியும் ஒரு நரை இல்லாத தலையைக் கோதிவிட்டுக்கொண்டே துணியை விரித்துக் காட்டினார்.

"ஊரான் தலைச் சாயத்தை எல்லாம் நம்ம சாப்பாட்டுல கரைச்சா எப்படி? மனசாட்சி வேண்டாமா?"

பார்லர் பெண்ணுக்கு வீட்டை வாடகைக்கு விட்டிருந்த அம்மாளின் முகம் கடுத்தது. "நீதானாம்மா இது? உள்ளதைச் சொல்லு."

பார்லர் பெண் துணியைப் பார்த்தாள். செயலாளரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னாலதான் இருக்கும்மா. மன்னிச்சிடுங்க. இனிமே ஆகாது."

"இன்னொரு தடவை துணி கறுத்துச்சுன்னா வீட்டைக் காலி பண்ணிடணும். சொல்லிட்டேன்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வீடு போனால் பிழைப்பும் போச்சு. செயலாளருக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. ஆனாலும் நியாயம் நியாயம்தானே?

"வாங்கம்மா, உங்க வீட்டுக் குழாயை இப்பவே மூடிடுவோம்" என்று அவளை மாடிக்குக் கூட்டிப்போனார்.

மணல் தொட்டியருகே, வீட்டுக்கு ஒன்றாக நான்கு குழாய்கள். இரண்டாம் மாடி என்று எழுதியிருந்ததைத் திருகப்போனவர் அப்படியே நின்றார். திருகவே ஒன்றுமில்லை. குழாயின் வாயில் மூடி போட்டு ஒட்டியிருந்தது. மூடியின் மேல் பாசியே படிந்துவிட்டது.

"என்னம்மா இது?"

"தோட்டம் போட்ட அன்னைக்கே பிளம்பரை வச்சு அடைச்சுட்டேன் சார். என் தொழில்ல புழங்குற சாமான் எதுவும் செடிக்கு ஆகாது. என் வீட்டுத் தண்ணி நேரா சாக்கடைக்குத்தான் போகுது."

செயலாளர் மூடியைத் தட்டிப் பார்த்தார். "அப்ப இது உங்க வேலையே இல்லையே! கீழ அத்தனை பேர் முன்னாடி ஏன் பழியை ஏத்துக்கிட்டீங்க?"

அவள் படிக்கட்டை எட்டிப் பார்த்தாள். யாரும் வரவில்லை. கைப்பையிலிருந்து கொஞ்சம் பஞ்சை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இடது காதுக்குப் பின்னாடி இன்னும் கொஞ்சம் சாயம் ஒட்டியிருக்கு சார். யாரும் பாக்கிறதுக்குள்ள துடைச்சுக்கோங்க."