அமைதி அறைக்குப் பூட்டு

"அழுகை வந்தா தனியா உட்காரத்தானே மிஸ் இந்த ரூமைக் கேட்டு வாங்கினோம், அதைப் போய்..."

"நான் இல்லேன்னா சொன்னேன்? நாளன்னிக்கு மேலிடத்துலேருந்து பார்க்க வர்றாங்க. அதுவரைக்கும் அழுக்குப் படக் கூடாது."

மாடிப்படிக்குக் கீழே உடைந்த பெஞ்சுகள் அடைந்து கிடந்த அறையைக் காலி செய்து பெயின்ட் அடித்த மாணவர் தலைவியின் முழங்கையில் நீலம் இன்னும் ஒட்டியிருக்கிறது. தலைமை ஆசிரியையின் விரலில் சாவி சுழல்கிறது. மூடிய ஜன்னல் கண்ணாடி வழியே புதுப் பாயும் பிளாஸ்டிக் உறை பிரிக்காத திண்டுகளும் தெரிகின்றன. மதிய வெயில் மட்டும் உள்ளே போய்ச் சாய்ந்திருக்கிறது. "யாரும் உட்காராம பாய் எதுக்கு மிஸ்?" "வாய் ரொம்ப நீளுது உனக்கு." கடைசிப் படியில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பையைக் கட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கிறாள். தோள் குலுங்குகிறது. படியேறும் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குனிந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவள் பையை இன்னும் மேலே இழுத்து முகத்தை மறைக்கிறாள். சாவி கைப்பைக்குள் விழுகிறது. ஜிப் மூடுகிறது.

"மிஸ், இவ இப்ப அழறா. நாளன்னிக்கு அப்புறமா வந்து அழுன்னு சொல்லிடவா?"